ஒரு கிண்ணம் தீர்மானிக்கும் வேலை!

அமெரிக்காவில் ஒருவருக்கு வேலை கிடைத்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். சம்பளம் பேசி முடித்தாயிற்று. எந்தத் தேதியில் வந்து சேர வேண்டும் என்றும் சொல்லி விட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு பரிசோதனைக் கூடத்தின் விலாசத்தைக் கொடுத்து, "அங்கே ஒரு தடவை போய் வாருங்கள்" என்கிறார்கள். அவரும் போகிறார். கோட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். பையில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள். கையைக் கழுவச் சொல்கிறார்கள். பிறகு சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கையில் கொடுத்து, கழிப்பறையைக் காட்டுகிறார்கள்.

அந்தக் கிண்ணத்தில் அவர் சிறுநீர் பிடித்துக் கொண்டு வர வேண்டும்!

கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருக்கும். அந்தத் தண்ணீரை மொண்டு ஊற்றி யாரும் ஏமாற்றி விடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் சாயம். கிண்ணம் வெளியே வந்த நான்கு நிமிடத்துக்குள் அதன் சூட்டைப் பார்ப்பார்கள். 32 டிகிரி முதல் 38 டிகிரி வரை இருக்க வேண்டும். குறைந்தாலும் சந்தேகம். கூடினாலும் சந்தேகம்.

இது மத்திய சர்க்கார் வகுத்த முறை. தனியார் கம்பெனிகள் பலவும் இதே முறையைப் பின்பற்றுகின்றன. கஞ்சா, கொக்கைன், அபின் வகை மருந்துகள், "ஆம்பெட்டமின்" என்ற ஊக்க மருந்து வகை, "பி.சி.பி." என்ற போதை மருந்து, இந்த ஐந்தும் உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனையின் நோக்கம்.

இருப்பதாகத் தெரிந்தால் வேலை போய் விடுமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. ஒரு மாநிலத்தில் போய் விடும். அதை ஒட்டிய பக்கத்து மாநிலத்தில் போகாது! இடையில் இருப்பது ஒரு எல்லைக் கோடுதான். ஆள் அதே ஆள். கிண்ணமும் அதே கிண்ணம். சட்டம் மட்டும் வேறு.

ஏன் இப்படி?

எப்படி ஆரம்பித்தது?

1981-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி. "நிமிட்ஸ்" என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு போர் விமானம் இறங்கும்போது தளத்தில் மோதித் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். இறந்த தள வேலையாட்கள் சிலருடைய உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. நாடு திடுக்கிட்டது. ராணுவத்தில் சிறுநீர்ச் சோதனை தீவிரமாயிற்று.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடயம் இருந்தவர்கள் தளத்தில் வேலை பார்த்தவர்கள். மோதிய விமானத்தை ஓட்டியவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் பரபரப்பில் அந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

1986-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி ஜனாதிபதி ரீகன் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மத்திய சர்க்கார் ஊழியர்கள் போதை மருந்தைத் தொடவே கூடாது. பொறுப்பான பதவிகளில் இருப்பவர்களைச் சோதிக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு.

நான்கு மாதம் கூட ஆகவில்லை. ஒரு பயங்கர விபத்து நடந்தது.

1987-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி. விடுமுறை முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனில் இருந்து பாஸ்டனுக்கு ஒரு பிரயாணி ரெயில் வேகமாகப் போய்க் கொண்டிருந்தது. மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்ற ஊருக்கு அருகே, சரக்கு ரெயில் என்ஜின்கள் மூன்று, சிக்னலை மீறி வந்து அதே தண்டவாளத்தில் நின்று விட்டன. பிரயாணி ரெயில் அவற்றின் மேல் மோதியது. 16 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள்.

சரக்கு என்ஜின் டிரைவரும் அவருடைய உதவியாளரும் அன்று கஞ்சா புகைத்திருந்தார்கள். டிரைவர் சிறைக்குப் போனார்.

1991-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி நியூயார்க் நகரத்துச் சுரங்க ரெயில் தடம் புரண்டது. 5 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார்.

அதே ஆண்டு அக்டோபர் மாதம் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் கொண்டு வந்தது. லாரி டிரைவர், பஸ் டிரைவர், ரெயில் டிரைவர், விமானி ஆகிய எல்லோருக்கும் சோதனை கட்டாயம் ஆயிற்று. வேலைக்குச் சேருமுன் ஒரு சோதனை. விபத்து நடந்தால் ஒரு சோதனை. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. இவை போக, சீட்டுக் குலுக்குவது போலப் பெயர் எடுத்து, திடீரென்று கூப்பிட்டும் சோதிப்பார்கள். "வர மாட்டேன்" என்று மறுத்தால், சோதனையில் தோற்றதாகவே கணக்கு!

இந்தச் சட்டத்தில் அந்த மாநிலம், இந்த மாநிலம் என்ற பேதம் இல்லை. நாடு முழுவதற்கும் ஒன்றே. இன்றும் அமுலில் இருக்கிறது. நூறு பேர் உயிரைக் கையில் வைத்துக் கொண்டு வண்டி ஓட்டுகிறவர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கு மாறுபாடு இருக்க முடியும்?

தகராறு அங்கே இல்லை. கணக்கு எழுதுகிறவர், தட்டெழுத்து அடிப்பவர், கடையில் சாமான் கட்டுபவர், டெலிபோனில் பதில் சொல்பவர்... இவர்கள் கையிலும் கிண்ணத்தைக் கொடுத்தபோதுதான் தகராறு வந்தது.

கோர்ட்டு என்ன சொன்னது?

"என் உடம்பைச் சோதிக்க சர்க்காருக்கு என்ன உரிமை?" என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் நான்காவது திருத்தம் என்று ஒன்று உண்டு. தக்க காரணம் இல்லாமல் சர்க்கார் ஒருவருடைய வீட்டையோ உடலையோ சோதனை போடக் கூடாது என்று அது சொல்கிறது. சிறுநீர் எடுப்பதும் ஒரு சோதனைதான் என்று சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக் கொண்டது. ஆனாலும் 1989-ம் ஆண்டு இரண்டு வழக்குகளில் சர்க்கார் பக்கமே தீர்ப்பு வந்தது. விபத்துக்குப் பிறகு ரெயில்வே தொழிலாளர்களைச் சோதிக்கலாம். போதை மருந்துக் கடத்தலைப் பிடிக்கும் வேலைக்கோ, துப்பாக்கி ஏந்தும் வேலைக்கோ போகிற சுங்க இலாகா ஊழியர்களைச் சோதிக்கலாம்.

அப்படியானால் யாரை வேண்டுமானாலும் சோதிக்கலாமா? கூடாது என்றும் அதே கோர்ட்டு சொன்னது. அது ஒரு ருசிகரமான வழக்கு.

ஜார்ஜியா மாநிலத்தில் 1990-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கவர்னர், நீதிபதி, சட்டசபை உறுப்பினர் போன்ற பதவிகளுக்குப் போட்டி போடுகிறவர்கள் போதை மருந்துச் சோதனையில் தேறினால்தான் தேர்தலில் நிற்கலாம்! போட்டியிட வந்த சிலர் வழக்குப் போட்டார்கள். 1997-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 9 நீதிபதிகளில் 8 பேர் ஒரே அபிப்பிராயம். "நாங்கள் போதைக்கு எதிரானவர்கள்" என்று ஊருக்குக் காட்டிக் கொள்வதற்காக மட்டும் ஒருவர் உடலைச் சோதிக்க முடியாது. உண்மையான ஆபத்து இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

அரசியல்வாதிகள் தப்பினார்கள். தொழிலாளி?

இங்கேதான் முக்கியமான முடிச்சு இருக்கிறது. அந்த நான்காவது திருத்தம் சர்க்காரை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது! அமெரிக்காவில் பெரும்பாலான மக்கள் தனியாரிடம்தான் வேலை செய்கிறார்கள். மேலும், மான்டானா என்ற ஒரு மாநிலம் தவிர மற்ற மாநிலங்களில் எல்லாம், ஒப்பந்தம் இல்லாத தொழிலாளியைக் காரணம் சொல்லாமலே நீக்கி விடலாம் என்பதுதான் பொது வழக்கம்.

ஆகவே தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால், அவருடைய மாநிலத்துச் சட்டசபைதான் அதைத் தர வேண்டும்.

மாநிலத்துக்கு ஒரு சட்டம்

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டசபை. தனிக் கோர்ட்டுகள். இந்தப் பிரச்சினையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயிற்று.

முதலாளிக்கு வசதியான சட்டம் ஊட்டா மாநிலத்தில் இருக்கிறது. 1987-ம் ஆண்டு வந்தது. வேலைக்கு வருகிறவரையும் சோதிக்கலாம். வேலையில் இருப்பவரையும் சோதிக்கலாம். ஆனால் அதிலும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். தொழிலாளியைச் சோதிக்கும் முதலாளியும் மானேஜர்களும் தாங்களும் அவ்வப்போது அதே சோதனைக்கு உட்பட வேண்டும்! ஊருக்கு உபதேசம் தனக்கு இல்லை என்று இருக்கக் கூடாது அல்லவா?

புளோரிடா வேறு விதம். அங்கே கட்டாயம் இல்லை, ஆசை காட்டுகிறார்கள். சட்டத்தில் கண்ட விதிகளின்படி சோதனைத் திட்டம் நடத்தும் முதலாளிக்கு, தொழிலாளர் நஷ்ட ஈட்டு இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் நூற்றுக்கு 5 தள்ளுபடி. ஜார்ஜியாவில் ஏழரை. சோதனை நடத்தினால் பணம் மிச்சம் என்றால் எந்த முதலாளிதான் வேண்டாம் என்பார்? அதே சமயம், போதை மருந்து இருப்பதாக முடிவு வந்தால், வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்ட ஈடு கிடைப்பதே கஷ்டமாகி விடலாம்.

வடக்கே வெர்மான்ட் என்று ஒரு சிறிய மாநிலம். அதன் சட்டமும் 1987-ம் ஆண்டில் வந்ததுதான். ஆனால் நேர் எதிர். வேலையில் இருப்பவரைக் காரணம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிக் கூப்பிடுவது கூடாது. மத்திய சர்க்கார் கட்டளையிட்ட வேலைகளுக்கு மட்டும் விலக்கு. முதல் தடவை அகப்பட்டவரை உடனே வீட்டுக்கு அனுப்பி விடவும் முடியாது. அவர் சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்து அதை முடித்தால், வேலை அவருக்கு உண்டு. மறுபடியும் அகப்பட்டால்தான் நீக்கலாம்.

மின்னசோட்டா மாநிலமும் அதே 1987-ம் ஆண்டு ஒரு விரிவான சட்டம் செய்தது. கம்பெனி தன் விதிகளை எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வேலை தருவதாகச் சொன்ன பிறகே சோதிக்கலாம். அதுவும் அந்த வேலைக்கு வருகிற எல்லோரையும் சோதிக்க வேண்டும். ஒருவரை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதிக்கக் கூடாது. முதல் சோதனையின் முடிவை இன்னொரு சோதனை உறுதி செய்ய வேண்டும். முடிவு பாதகமாக வந்தால், காரணம் சொல்லத் தொழிலாளிக்கு மூன்று வேலை நாள் அவகாசம். "அதே மாதிரியை மறுபடி சோதியுங்கள்" என்று தன் செலவில் கேட்கவும் உரிமை உண்டு. முதல் தடவை என்றால், சிகிச்சைக்கு வாய்ப்புக் கொடுக்காமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது.

கனெக்டிகட் மாநிலத்தில், கழிப்பறைக்குள் ஆளை நிறுத்தி வைத்து, தொழிலாளி சிறுநீர் கழிப்பதை நேரே பார்க்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். மேய்ன் மாநிலத்தில் கம்பெனியின் சோதனை விதிகளைத் தொழில் இலாகா பார்த்து அங்கீகாரம் தர வேண்டும்.

டெக்சாஸ் போன்ற மாநிலங்களிலோ தனியார் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் பொதுவான சோதனைச் சட்டமே கிடையாது. முதலாளி வைத்ததே விதி.

சோதனை எதைச் சொல்லும்?

இந்தச் சண்டையின் மையத்தில் ஒரு விஞ்ஞான உண்மை இருக்கிறது. அதைப் புரிந்து கொண்டால் எல்லாம் விளங்கி விடும்.

குடித்தவரை ஒரு குழாயில் ஊதச் சொல்கிறார்கள். ரத்தத்தில் அப்போது எவ்வளவு சாராயம் ஓடுகிறது என்பதை அது ஏறக்குறையக் காட்டும். சாராயம் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய் விடும். ஆகவே இப்போது குடித்திருக்கிறாரா என்பது தெரிந்து விடும்.

கஞ்சா அப்படி அல்ல. அதன் சத்து கொழுப்பில் போய்த் தங்கும். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, கழிவுப் பொருளாக்கி, சிறுநீரில் வெளியே தள்ளும். சோதனையில் அகப்படுவது அந்தக் கழிவுப் பொருள்தான். அதற்குப் போதை கிடையாது. எப்போதோ ஒரு நாள் புகைத்தவர் உடம்பில் அது சில நாட்கள் இருக்கும். தினமும் புகைத்தவர் உடம்பில், நிறுத்திய பிறகும் ஒரு மாதம், அதற்கு மேலும் கூட இருக்கலாம்.

சனிக்கிழமை இரவு வீட்டில் புகைத்தவர் புதன்கிழமை காலையில் தெளிந்த புத்தியோடு வேலைக்கு வருவார். ஆனால் கிண்ணம் அவரைக் காட்டிக் கொடுத்து விடும். "இவர் உடம்புக்குள் கஞ்சா போயிருக்கிறது" என்று சோதனை சொல்லும். "இவர் இப்போது போதையில் இருக்கிறார்" என்று அது சொல்லவே சொல்லாது.

அளவும் மிக நுணுக்கம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோகிராம் என்று பெயர். மத்திய சர்க்காரின் முதல் சோதனையில், ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் கஞ்சாக் கழிவு 50 நானோகிராம் இருந்தால் போதும், ஆள் அகப்பட்டார்!

இன்னொரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் குருமாவுக்கு அரைத்து விடும் கசகசா எந்தச் செடியில் விளைகிறது? அபின் எடுக்கும் அதே செடியில்தான். கசகசா போதை தராது. ஆனால் அந்த விதையில் அபினில் உள்ள மார்பின் சத்து சிறிதளவு ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் ரொட்டியின் மேல் கசகசா தூவிச் சாப்பிடுவது வழக்கம். ரொட்டி சாப்பிட்ட குற்றத்துக்காகச் சிலர் சோதனையில் அகப்பட்டார்கள்!

1998-ம் ஆண்டு மத்திய சர்க்கார் விதியைத் திருத்தியது. மார்பின் வகைக்கு 300 நானோகிராம் என்று இருந்த எல்லை 2,000 என்று உயர்ந்தது. அதன் பிறகும் சங்கடம் முழுவதும் தீரவில்லை. 2023-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்க ராணுவ இலாகா தன் சிப்பாய்களுக்குக் கசகசா சேர்ந்த பண்டங்களைத் தவிர்க்கும்படி எச்சரிக்கை விட்டது.

இதனால்தான் ஒரே சோதனையை நம்பி ஒருவரை நீக்கக் கூடாது என்கிறார்கள். மத்திய சர்க்கார் விதிப்படி, சிறுநீரை இரண்டு புட்டிகளில் ஊற்றி முத்திரை வைப்பார்கள். முதல் புட்டியில் தவறு என்று வந்தால், ஒரு டாக்டர் தொழிலாளியைக் கூப்பிட்டு விசாரிப்பார். டாக்டர் சீட்டின் பேரில் மருந்து சாப்பிட்டாரா என்று கேட்பார். தொழிலாளி 72 மணி நேரத்துக்குள் கேட்டால், இரண்டாவது புட்டியை வேறொரு சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும்.

மருந்தா, குற்றமா?

1996-ம் ஆண்டு கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் செய்தார்கள். நோயாளிகள் டாக்டர் யோசனையின் பேரில் கஞ்சாவை மருந்தாக உபயோகிக்கலாம் என்பது அந்தச் சட்டம். பிறகு ஒவ்வொரு மாநிலமாக அந்த வழியில் போயிற்று. பல மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வயது வந்தவர் யாரும் கஞ்சா உபயோகிக்கலாம் என்றன. ஆனால் 1970-ம் ஆண்டு மத்திய சட்டம் அதைக் கடுமையான தடைப் பட்டியலில் வைத்திருந்தது. மாநிலம் சரி என்கிறது. மத்தியம் தப்பு என்கிறது. நடுவில் அகப்பட்டவர் தொழிலாளி.

கொலராடோ மாநிலத்தில் ஒரு வாலிபர். பதினாறாவது வயதில் வாகன விபத்தில் சிக்கி, கை கால் செயல் இழந்து, சக்கர நாற்காலியில் வாழ்கிறவர். ஒரு கம்பெனியில் டெலிபோனில் வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தார். உடம்பில் தசைகள் இழுத்துக் கொண்டு துடிக்கும். அந்த வேதனைக்கு, மாநில சர்க்கார் அனுமதிச் சீட்டோடு, இரவில் வீட்டில் கஞ்சாவை மருந்தாக உபயோகித்தார்.

2010-ம் ஆண்டு திடீர்ச் சோதனை வந்தது. அகப்பட்டார். வேலை போயிற்று. அவர் வேலை நேரத்தில் போதையில் இருந்ததாகக் கம்பெனியே சொல்லவில்லை!

கொலராடோவில் ஒரு சட்டம் உண்டு. வேலை நேரத்துக்கு வெளியே ஒருவர் சட்டப்படி செய்யும் காரியத்துக்காக அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது அது. அதைக் காட்டி வழக்குப் போட்டார். 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் மாநில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மாநிலச் சட்டம் ஒப்புக் கொண்டாலும் மத்திய சட்டம் ஒப்புக் கொள்ளவில்லை. ஆகவே அது "சட்டப்படி செய்த காரியம்" ஆகாது என்றது. வாலிபர் தோற்றார்.

கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டும் அதற்கு முன்பே, 2008-ம் ஆண்டில், முதுகு வலிக்காகக் கஞ்சா உபயோகித்த ஒருவர் வழக்கில் முதலாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது.

2017-ம் ஆண்டு காற்று திசை மாறியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெண். குடல் நோயால் அவதிப்பட்டவர். சரியாகச் சாப்பிட முடியாது. பசி எடுப்பதற்காக டாக்டர் யோசனையின் பேரில் கஞ்சா உபயோகித்தார். வேலைக்குச் சேருமுன்பே அதை ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் ஒரு நாள் வேலை பார்த்ததும் நீக்கி விட்டார்கள். அந்த மாநிலத்து உயர்ந்த கோர்ட்டு, "நோயாளி என்ற முறையில் இவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, வழக்கை நடத்தலாம்" என்று தீர்ப்பளித்தது.

ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தவர். இன்னொருவர் சாப்பிட முடியாதவர். இரண்டு பேரும் மருந்தாகத்தான் உபயோகித்தார்கள். ஒருவருக்குக் கதவு அடைபட்டது. இன்னொருவருக்குத் திறந்தது.

புதிய சட்டங்கள்

அதன் பிறகு சட்டசபைகளே முன்வந்தன.

நெவாடா மாநிலம் முதல் அடி எடுத்து வைத்தது. 2020-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் இருந்து, சோதனையில் கஞ்சா தெரிந்தது என்ற காரணத்துக்காக மட்டும் வேலை மறுக்கக் கூடாது என்றது. தீயணைப்புப் படையினர், ஆம்புலன்ஸ் ஊழியர், சோதனை கட்டாயமான டிரைவர்கள், பிறர் உயிருக்குப் பொறுப்பான வேலையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சலுகை கிடையாது. நெவாடாவை ஒட்டிய பக்கத்து மாநிலம் எது தெரியுமா? முதலாளிக்கு வசதி செய்து கொடுத்த ஊட்டாதான்!

2021-ம் ஆண்டு நியூயார்க் மாநிலம், பெரும்பாலான வேலைகளுக்குக் கஞ்சாச் சோதனையையே விலக்கி விட்டது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் மின்னசோட்டாவும், பெரும்பாலான வேலைகளுக்குக் கஞ்சாவைச் சோதனைப் பட்டியலில் இருந்து எடுத்து விட்டது. 2024-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் புதுச் சட்டங்கள் அமுலுக்கு வந்தன.

கலிபோர்னியாச் சட்டம் விஞ்ஞானத்தை அப்படியே ஏற்றுக் கொண்டது. போதை இல்லாத அந்தக் கழிவுப் பொருளைக் கண்டு பிடித்து அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. போதை இப்போது இருக்கிறதா என்று காட்டும் சோதனை இருந்தால் நடத்திக் கொள்ளலாம். வேலை நேரத்தில் போதையில் இருக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லி விட்டது. கட்டிட வேலைக்காரர்களுக்கும், மத்திய சர்க்கார் விதிக்கு உட்பட்டவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

முதலாளி சொல்வது என்ன?

முதலாளிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவர் போதையில் இருந்தால், கை போகிறது அவருடையது மட்டும் அல்லவே! பக்கத்தில் நிற்கிறவர் கையும் போகலாம். நஷ்ட ஈடு கொடுப்பது யார்?" என்று கேட்கிறார்கள். "குடிக்கு ஊதுகுழாய் இருக்கிறது. கஞ்சாவுக்கு அது போலச் சரியான கருவி இன்னும் இல்லை. சிறுநீரையும் பார்க்கக் கூடாது என்றால் வேறு எதைப் பார்ப்பது?" என்றும் கேட்கிறார்கள்.

சோதனையால் பலன் உண்டு என்பதற்குக் கணக்கும் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் பெரிய சோதனை நிறுவனம் ஒன்று ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், 1988-ம் ஆண்டு சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு 13.6 பேர் அகப்பட்டார்கள். 2022-ம் ஆண்டு நூற்றுக்கு 4.6 பேர்தான். குறைந்திருப்பது உண்மை. ஆனால் ஜனங்கள் போதையை விட்டு விட்டார்களா, அல்லது சோதனை இல்லாத இடமாகப் பார்த்து வேலை தேடிக் கொண்டார்களா என்பதை இந்தக் கணக்கு மட்டும் சொல்லி விடாது.

நியூஜெர்சி மாநிலம் நடுவழி ஒன்றைத் தேடியது. 2021-ம் ஆண்டு வந்த அதன் சட்டப்படி, கஞ்சா விஷயத்தில் சோதனை முடிவு மட்டும் போதாது. பயிற்சி பெற்ற ஒருவர் ஆளை நேரில் பார்க்க வேண்டும். பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, வேலையில் தடுமாற்றம் இருக்கிறதா என்று கவனித்து எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நடவடிக்கை. அந்தப் பயிற்சிக்கான விதிகள் உடனே தயாராகவில்லை. 2022-ம் ஆண்டு செப்டம்பரில் ஒரு வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டு, அது வரைக்கும் கம்பெனியே பொறுப்பான ஒருவரை நியமித்துப் பார்க்கலாம் என்றார்கள். வழி கரடுமுரடானதுதான். ஆனாலும் "கிண்ணத்தை மட்டும் பார்க்காதே, ஆளையும் பார்" என்று அது சொல்கிறது.

நியாயம் எது?

போதை மருந்து நல்லது என்று யாரும் வாதாடவில்லை. அதனால் குடும்பங்கள் அழிந்ததை அமெரிக்கா நேரிலே பார்த்திருக்கிறது. சேஸ் ஊரில் இறந்த 16 பேரையும் மறந்து விட முடியாது. ரெயில் ஓட்டுகிறவரிடம் கண்டிப்பாக இருப்பதில் தவறே இல்லை.

ஆனால் ரெயில் டிரைவருக்கு என்று பிறந்த கண்டிப்பை, நாற்காலியில் உட்கார்ந்து டெலிபோனில் பேசுகிறவருக்கும் அளவு பார்க்காமல் மாட்டி விட்டதுதான் இத்தனை வழக்குக்கும் காரணம். வேலை என்பது ஒருவருடைய சோறு. அவரை நம்பி இருக்கிறவர்களின் சோறு. அதைப் பறிக்குமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்த வேலையால் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டா? சோதனை காட்டுவது இன்றைய போதையா, போன வாரத்துத் தடயமா? தவறு செய்தவருக்குத் திருந்த ஒரு வாய்ப்புக் கொடுத்தாயிற்றா?

நல்ல சட்டம் செய்த மாநிலங்கள் இந்த மூன்றையும் கேட்டிருக்கின்றன. மற்ற மாநிலங்களில் முதலாளி கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

தமிழ்நாட்டில் இருந்தும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கையிலும் அந்தக் கிண்ணம் கொடுக்கப்படலாம். சேருமுன் கம்பெனியின் விதியை எழுத்தில் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. சாப்பிடும் மருந்துகளின் டாக்டர் சீட்டைப் பத்திரமாக வைத்துக் கொள்வது நல்லது. முடிவு தவறு என்று தோன்றினால், "இன்னொரு முறை சோதியுங்கள்" என்று உடனே கேட்பது நல்லது.

எந்த மாநிலத்தில் வேலை என்பதையும் பார்த்துக் கொள்ள வேண்டும். கிண்ணம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதில் தெரிவதற்கு விலை மட்டும் ஊருக்கு ஊர் வேறு!